தண்ணீர்ப் போத்தல் தார்ச்சாலை ஆகுமா?

தைப்பூசத்துக்கு மறுநாள் விடிகாலையில் பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை அடிவாரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். இரத ஊர்வலத்துக்கு உடைத்த தேங்காய்களை அதற்குள் வாரிக்கொண்டு போயிருப்பார்கள். பந்தல் போட்ட இடங்களில் மட்டும் போத்தலும் கிளாசும் மூடியும் சாப்பாட்டுப் பொட்டலமும் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். சில வருஷங்களுக்கு முன் அப்படியொரு காலையில் பெரியப்பாவோடு நடந்து வந்துகொண்டிருந்தேன். அவர் குனிந்து ஒரு காலிப் போத்தலை எடுத்தார்.

"தம்பி, இதையெல்லாம் தாரோட கலந்து ரோட்டுல போட்டுடலாமாம். மதுரையில ஒரு வாத்தியாரு கண்டுபிடிச்சிருக்காரு. வாட்ஸ்அப்புல வந்துச்சு. நம்ம ஆளு கண்டுபிடிச்சது நம்ம ஊரு கவுன்சிலுக்கு ஏன் தெரியல?"

மதுரைச் செய்தி உண்மைதான். ஆனால் அவர் கையிலிருந்த போத்தல் அந்தச் சாலைக்கு ஆகாது. அதைச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "பிளாஸ்டிக்குன்னா பிளாஸ்டிக்தானே?" என்றார். சிக்கல் முழுக்க அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அன்று நடந்துகொண்டே சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சாலையைப் பார்ப்போம். நாம் தார்ச்சாலை என்கிறோம். உண்மையில் அது கல் சாலை. கல்லையும் தாரையும் கலக்கும் பிரிமிக்ஸ் ஆலையிலிருந்து ஆவி பறக்க லோரியில் வருகிற கலவையில் நூற்றுக்கு 95 பங்கு கருங்கல் ஜல்லியும் கல்தூளும்தான். மிச்சம் 5 பங்கு சொச்சம் பிட்டுமன், அதாவது நம் பேச்சில் தார். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கருங்குழம்பு அது. கற்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது அதன் வேலை. சூடானால் இளகும், ஆறினால் இறுகும். ஆலையில் கல்லையும் தாரையும் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வரை சூடாக்கித்தான் கலக்கிறார்கள். இந்த 160 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிளாஸ்டிக் சாலைக்குப் போகும், எது போகாது என்பதை முடிவு செய்வது அதுதான்.

கடைப்பை, ரொட்டி சுற்றிவரும் உறை, பால் போத்தலின் கெட்டி வெள்ளைப் பிளாஸ்டிக் எல்லாம் பாலிஎத்திலின். 110இலிருந்து 130 பாகைக்குள் உருகிவிடும். மீ (நூடுல்ஸ்) பாக்கெட், பிஸ்கட் உறை, ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் கட்டித் தரும் பை போன்றவற்றில் பெரும்பாலும் பாலிபுரொப்பிலின். அது 160ஐ ஒட்டி உருகும். வெள்ளை நுரைப் பெட்டியின் பாலிஸ்டைரினும் அந்தச் சூட்டில் இளகிவிடும். பெரியப்பா பிடித்திருந்த தண்ணீர்ப் போத்தல் பெட் (PET) என்ற வேறு வகை. அது உருக 250 பாகைக்கு மேல் வேண்டும். பிரிமிக்ஸ் ஆலையின் சூட்டில் அது உருகாமல் வெறும் சில்லுகளாகக் கல்லோடு கல்லாய்க் கிடக்கும், எதையும் ஒட்டாது. போதாததற்கு அதைப் பழைய சாமான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார். நூலாகவும் புதுப் போத்தலாகவும் மாறுகிற பிளாஸ்டிக் அது. அதைக் கொண்டுபோய் சாலையில் புதைப்பது நெல்லை அள்ளி அடுப்பெரிக்கிற மாதிரி.

பிவிசி வேறு கதை. குழாய், மின்கம்பி உறை, சில விளம்பரப் பதாகைகள் எல்லாம் அந்த வகை. சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். மூச்சுக்குழலை எரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். பிளாஸ்டிக் சாலை போடுகிற எல்லா ஊர்களிலும் அதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். தேர்தல் முடிந்ததும் கழற்றிக் குவிக்கும் பதாகைகளைச் சாலையில் போடலாமே என்று யாராவது யோசனை சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது மதுரை. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வேலையில் இறங்கினார். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே ஒரு சிறு சாலையைப் போட்டுப் பார்த்தார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தின் ஜம்புலிங்கம் தெருவும் அதே காலத்தில் போடப்பட்டதுதான். 2006இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. 2018இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி இந்த அளவோடு நின்றுவிடும். அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதுதான் அதைவிடச் சுவையானது.

தாரில் பிளாஸ்டிக்கைக் கலப்பது அவருக்கு முன்பே உலகம் அறிந்த வித்தைதான். விமான ஓடுபாதைகளிலும் கனரக லோரி ஓடும் நெடுஞ்சாலைகளிலும் பாலிமர் சேர்த்த தார் பல பத்தாண்டுகளாகப் புழங்குகிறது. அதற்கென்றே ஆலையில் தயாரித்த, விலை கூடிய, சுத்தமான பாலிமர் அது. குப்பைப் பிளாஸ்டிக்கை அப்படிச் சூடான தாருக்குள் கொட்டினால் வேறொரு தொல்லை வரும். பாலிஎத்திலின் தாரைவிட லேசானது, அதில் கரையவும் கரையாது. கலக்குவதை நிறுத்தியதும் பாலில் ஆடை மாதிரி மேலே வந்து மிதக்கும். தொட்டியில் வைத்து நாலு மணி நேரம் கழித்து எடுத்தால் மேலே பிளாஸ்டிக், கீழே தார். இதை ஈர முறை என்பார்கள். விடாமல் கலக்குகிற இயந்திரம் இல்லாத ஊரில் இது நடக்காது.

வாசுதேவன் வரிசையை மாற்றினார். முதலில் கல்லைச் சூடாக்கு. சூடான கல்லின்மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவு. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் பிளாஸ்டிக் இளகிக் கல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். அதற்குப் பிறகு தாரை ஊற்று. தோசைக்கல்லில் எண்ணெய் தடவிவிட்டு மாவு ஊற்றுவதைப் போல. ஆனால் இங்கே தடவுவது ஒட்டாமல் இருக்க அல்ல, ஒட்டிக்கொள்ள. தாரின் எடையில் 5இலிருந்து 10 விழுக்காடு வரை பிளாஸ்டிக், பெரும்பாலும் 8. அவ்வளவு தாரைக் குறைத்துக்கொள்ளலாம். இதற்கு உலர் முறை என்று பெயர். இதன் பெரிய சிறப்பு எளிமை. இருக்கிற ஆலையிலேயே ஒரு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு செய்துவிடலாம். பலவடுக்கு உறைகளைக்கூடத் துண்டாக்கிப் போடலாம். மைலோ பாக்கெட், த்ரீ-இன்-ஒன் காப்பித் தாள், வேறு எந்த மறுசுழற்சிக்காரரும் தொடாத சாமான்கள் எல்லாம் இதில் அடக்கம்.

பினாங்குக்கு இது ஏன் பொருந்தும் என்பதற்குக் கல்லிலேயே ஒரு காரணம் இருக்கிறது. நம் தீவே ஒரு கருங்கல் பாறை. பினாங்கு மலை, தண்ணீர்மலை எல்லாம் அதுதான். கட்டுமானத்துக்கு அது அருமையான கல். தாருக்கு மட்டும் கொஞ்சம் ஒத்துவராத கல். கருங்கல்லில் சிலிக்கா அதிகம். சிலிக்காவுக்குத் தாரைவிடத் தண்ணீரின் மேல்தான் பிரியம். சுண்ணாம்புக் கல் தாரை இறுகப் பிடித்துக்கொள்ளும். கருங்கல்லோ ஈரம் பட்டால் தாரைக் கைவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். சாலையில் ஒரு சின்ன விரிசல், அதன் வழியாக மழைநீர், மேலே போகிற லோரிச் சக்கரம் அந்த நீரை உள்ளே அழுத்துகிற அழுத்தம். இவை மூன்றும் சேர்ந்தால் கல்லின் மேலிருந்து தார் தோல் உரிவதுபோல உரிந்துவிடும். பிறகு கற்கள் ஒவ்வொன்றாகப் பெயரும், குழி விழும். செப்டம்பர், அக்டோபர் மழையில் நம் தாமான் (குடியிருப்பு) சாலைகளில் ஒரே இரவில் குழி முளைப்பதாகத் தோன்றுவது இதனால்தான். அந்தக் குழியை உள்ளுக்குள்ளேயே பல மாதமாகத் தண்ணீர் தோண்டிக்கொண்டிருந்திருக்கும்.

பல நாடுகளில் இதற்கு மருந்தாகக் கலவையில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். பிளாஸ்டிக் பூச்சும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. பூச்சு ஏறிய கல் தண்ணீரைக் குடிப்பதில்லை. பிளாஸ்டிக்கும் தாரும் இரண்டுமே எண்ணெய் வழி வந்த பங்காளிகள் என்பதால் ஒன்றையொன்று நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன.

சூட்டுக்கும் இது நல்லதுதான். வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 பாகை வரை போகும். நாம் சாதாரணமாகப் போடும் தாரோ 50ஐ ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். சிக்னலில் லோரிகள் நின்று நின்று கிளம்பும் இடங்களில் சக்கரத் தடம் பள்ளமாகப் பதிந்திருப்பதைப் பெருநிலத்தில் பிறை என்ற ஊர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பிளாஸ்டிக் சேர்ந்தால் கலவை விறைப்பாகும், பள்ளம் விழுவது குறையும். விறைப்புக்கு மறுபக்கம் ஒன்று உண்டு: குளிரில் நொறுங்கும், வெடிக்கும். பனி பெய்யும் நாடுகள் இதை ஏற்கத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். நமக்குக் குளிர் என்பது கேமரன் மலைக்குப் போனால்தான். மதுரை வெயிலில் பிழைத்தது பட்டர்வொர்த் வெயிலிலும் பிழைக்கும் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது.

மழைக்கு அதே நம்பிக்கையை அப்படியே வைக்க நான் தயாரில்லை. மதுரையில் ஓராண்டில் பெய்யும் மழையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இங்கே பெய்கிறது. தமிழ்நாட்டில் போட்ட சாலைகளை இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008 வாக்கில் ஆய்வு செய்து, சில ஆண்டுகள் ஓடிய பிறகும் குழியோ பள்ளமோ பெரிதாக இல்லை என்று எழுதியது. நல்ல சேதிதான். ஆனால் அந்த ஆய்வில் மதுரைக் கல்லூரிக்கே பங்கு உண்டு. பிள்ளைக்குப் பெற்றவரே மதிப்பெண் போட்ட மாதிரி என்று குறை சொல்ல வரவில்லை. முதல் ஆய்வை வேறு யார் செய்திருக்க முடியும்? என்றாலும் வேறு ஊர் மழையில், வேறு ஊர்க் கல்லில், சம்பந்தமில்லாதவர் அளந்து பார்த்தால்தான் நம் ஊருக்குப் பேச முடியும்.

இதுவரை சொன்னதெல்லாம் சாலையைப் பற்றி. பெரியப்பா கேட்டது குப்பையைப் பற்றி. இரண்டும் ஒன்றென்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அப்படியில்லை என்று தெரியும்.

இரண்டு தடம், 7 மீட்டர் அகலம். பழைய தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு 5 சென்டிமீட்டர் தடிப்பில் புதுத் தோல் போடுகிறோம் என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 820 டன் கலவை வேண்டும். அதில் தார் 41 டன். அதில் 8 விழுக்காடு பிளாஸ்டிக் என்றால் 3.3 டன். கடைப்பை ஒன்று 6 கிராம் என்று கொண்டால் ஐந்தரை லட்சம் பை. கேட்க மலைப்பாக இருக்கிறது.

இப்போது மறுபக்கம். மலேசியாவில் நாளொன்றுக்குச் சேரும் குப்பை 38,000 டன் அளவில் இருப்பதாகப் பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. 2012இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் குப்பையில் 44.5 விழுக்காடு சாப்பாட்டு மிச்சம், 13.2 விழுக்காடு பிளாஸ்டிக். (மூன்றாவது இடம் யாருக்கென்று நினைக்கிறீர்கள்? பிள்ளைகளின் டயப்பருக்கு, 12.1 விழுக்காடு.) ஆக, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5,000 டன் பிளாஸ்டிக். இவ்வளவையும் சாலையில் போட வேண்டுமென்றால் தினமும் 1,500 கிலோமீட்டர் சாலை போட வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய்த் திரும்பி வருகிற தூரத்தைவிட அதிகம், தினமும். நாட்டில் இருக்கிற மொத்தச் சாலை இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல். செம்மண் பாதையையும் தார்ச்சாலையாகக் கணக்கில் சேர்த்து, அத்தனையையும் ஒரே மூச்சில் புதுப்பித்தாலும் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஐந்தரை மாதக் குப்பைக்குத்தான் இடம் கொடுக்கும். பிறகு அந்தச் சாலைகள் தேய்ந்து அடுத்த தோல் கேட்கும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குப்பை காத்திருக்காது.

இது தோராயக் கணக்குதான். பெட் வகையையும் பிவிசியையும் கழித்தால் எண் குறையும். ஆனாலும் கணக்கின் முகம் மாறாது. சாலை பிளாஸ்டிக்கை விழுங்குகிற பூதம் இல்லை. உப்பு போடுகிற அளவுக்குத்தான் சாலைக்கு அது தேவை.

இந்தியாவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2015 நவம்பரில் அங்கே ஓர் உத்தரவு வந்தது: 5 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தார்ச்சாலைகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்க்க வேண்டும். கண்டுபிடிப்பு இருந்தது, நெறிமுறை இருந்தது, உத்தரவும் இருந்தது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் கொடுக்கப்பட்ட கணக்கின்படி அப்படிப் போட்ட தேசிய நெடுஞ்சாலை 703 கிலோமீட்டர். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய நெடுஞ்சாலை உள்ள நாட்டில் இது எம்மாத்திரம்? கிராமச் சாலைகளும் நகரத் தெருக்களும் இதில் சேரவில்லை என்பது வேறு. இருந்தாலும் இந்த இழுபறிக்குக் காரணம் அறிவியல் இல்லை. நறுக்கிய, காய்ந்த, சுத்தமான பிளாஸ்டிக் வேலை நடக்கும் இடத்துக்கு வேண்டிய நாளில் வந்து சேர வேண்டுமே, அதுதான் பாடு.

பினாங்கில் அந்தப் பாடு எங்கே தொடங்கும் என்பதற்குக் கற்பனை வேண்டாம், நம் வீட்டுக் குசினியைப் பார்த்தால் போதும். சாம்பார் கட்டிக் கொடுத்த பை, ஐஸ் மைலோ கட்டிய பை, வறுத்த மீ சுற்றிய தாள். இவைதான் சாலைக்கு ஏற்ற பிளாஸ்டிக். இவைதான் ஊரிலேயே அழுக்கான பிளாஸ்டிக்கும்கூட. எண்ணெயும் சாம்பாரும் ஒட்டியதை அப்படியே சூடான கல்லில் தூவ முடியாது. கழுவ வேண்டும், காயவைக்க வேண்டும், பெட் வகையையும் பிவிசியையும் பொறுக்கி எறிய வேண்டும், 2இலிருந்து 4 மில்லிமீட்டருக்கு நறுக்க வேண்டும். கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வியும் உண்டு. இத்தனைக்கும் ஆள்கூலி இருக்கிறது. 41 டன்னில் 3.3 டன் தாரை மிச்சப்படுத்தியதில் கிடைக்கும் காசு இந்தக் கூலிக்குக் கட்டுமா என்பது தார் விலை ஏறி இறங்குவதைப் பொறுத்தது. "பிளாஸ்டிக் இலவசம், அதனால் சாலை மலிவு" என்பவர்கள் நறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்க்காதவர்கள்.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு முன்கதை இருக்கிறது. 2009 ஜூலையில் திங்கள்கிழமைகளில் மட்டும் இலவசப் பை இல்லை என்று தொடங்கி, 2011 ஜனவரியிலிருந்து எல்லா நாளும் பைக்கு 20 சென் என்று ஆக்கியது பினாங்கு. நாட்டில் மற்றவர்கள் பிறகுதான் வந்தார்கள். 2016 ஜூனில் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொன்னார்கள். மறு ஆண்டு அதைக் கட்டாயமாக்கினார்கள். மாநிலத்துக் குப்பைக்குப் பொறுப்பு தீவிலும் பெருநிலத்திலும் உள்ள இரண்டு மாநகர் மன்றங்களுடையது. கூட்டரசின் திடக்கழிவுச் சட்டத்தில் பினாங்கு சேரவில்லை. அதாவது, வேண்டுமென்றால் நாமே முடிவெடுக்கலாம். பிரித்துக் கொடுத்தது பிரிந்தபடியே போய்ச் சேருகிறதா என்று என் தாமானில் அடிக்கடி சண்டை நடக்கும். நான் அதற்குள் போகவில்லை.

பிரிக்காதது போகும் இடம் புலாவ் புரோங். பெயருக்குப் பறவைத் தீவு என்று அர்த்தம். ஆனால் அது தீவில் இல்லை, நிபோங் திபால் பக்கம் பெருநிலத்துக் கடலோரத்தில் கிடக்கும் குப்பை மேடு. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்தது. பக்கத்துக் குடியிருப்பு மக்களை வெளியேற்ற வேண்டி வந்தது. பிளாஸ்டிக் எரிந்த புகையைச் சுவாசித்தவர்களுக்கு, அதே பிளாஸ்டிக்கைச் சூடாக்கித்தான் சாலை போடுவார்கள் என்று சொன்னால் பயம் வருவது நியாயம்தான். வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். எரிவது வேறு, உருகுவது வேறு. பாலிஎத்திலினும் பாலிபுரொப்பிலினும் சிதையத் தொடங்க 270 பாகைக்கு மேல் வேண்டும். ஆலையின் 160, 170இல் அவை வெறுமனே இளகும். சூட்டு அளவை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், பிவிசி உள்ளே வராமல் தடுத்தால், புகையில் பெரிய வேறுபாடு வரக்கூடாது. இந்த இரண்டு "ஆல்"களையும் நாள் முழுக்கக் காப்பாற்ற வேண்டியவர் கலவை விரிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் வெயிலில் நிற்கும் தொழிலாளி. ஒரு காலத்தில் அந்த இடத்தில் நின்றவர்கள் நம் தாத்தாக்கள். பொதுப்பணித் துறையின் கூலி வரிசைகளில் தமிழர்கள்தான் நிறைந்திருந்தார்கள். அதற்கும் முன்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தியாவிலிருந்து கப்பலேற்றி வந்த கைதிகள் இந்தத் தீவின் சாலைகளை வெட்டினார்கள். இப்போது அங்கே நிற்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்தவர். அவர் மூச்சில் என்ன போகிறது என்று அளக்காமல் எந்தச் சோதனைச் சாலையும் வெற்றி என்று அறிவிக்கப்படக்கூடாது.

நுண்பிளாஸ்டிக் பற்றியும் கேட்பார்கள். சாலை தேயும்போது அந்தத் தூள் லோங்காங்கில், அதாவது சாக்கடையில் இறங்கி, தீவில் எங்கிருந்து பார்த்தாலும் சில கிலோமீட்டரில் கடலைச் சேர்ந்துவிடும். கல்லுக்கும் தாருக்கும் நடுவில் அகப்பட்ட பூச்சு அவ்வளவு எளிதில் உதிராது என்பது ஆதரிப்பவர்களின் வாதம். சாலையோரத் தூளில் டயர் தேய்ந்த ரப்பரே மிக அதிகம் என்பதும் உண்மை. இருந்தாலும் ஏற்கனவே ஒரு திருடன் வீட்டில் இருக்கிறான் என்பதற்காக இன்னொருவனுக்குக் கதவைத் திறந்துவிட மாட்டோம் அல்லவா? மேல்தோலில் போடாமல் அடியடுக்கில் போட்டால் தேய்மானம் என்ற கேள்வியே எழாது. இதை ஏன் அதிகம் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. படம் எடுத்தால் தெரியாது என்பதாலோ என்னவோ.

இனி, இந்தப் பேச்சில் நம் நாட்டில் மட்டும் எழுகிற ஒரு போட்டி. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கட்டிப்பால் தெரியும். மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) வடிந்த ரப்பர் பாலை எடுக்காமல் விட்டால் அங்கேயே உறைந்து கட்டியாகிவிடும். நாற்றம் ஊரைத் தூக்கும், விலையும் குறைவு. அந்தக் கட்டிப்பாலைத் தாரில் கலந்து சாலை போடும் முறையை மலேசிய ரப்பர் வாரியமும் பொதுப்பணித் துறையும் சேர்ந்து உருவாக்கி, கூட்டரசுச் சாலைகளில் போட்டும் வருகின்றன. ரப்பர் விலை விழுந்து சிறுதோட்டக்காரர்கள் தவித்த காலத்தில் அரசு இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது. பிளாஸ்டிக் தாரை விறைப்பாக்கும் என்றால், ரப்பர் அதற்கு மீள்தன்மை கொடுக்கும். வண்டி ஏறி இறங்கும்போது வளைந்து நிமிரும், விரிசலைத் தாங்கும். சாதாரணத் தாரைவிட விலை கூடுதல்.

என்னைக் கேட்டால், பிளாஸ்டிக் சாலையை வெறும் தாரோடு மட்டும் ஒப்பிடுவது இந்த நாட்டில் போதாது. பக்கத்தில் ரப்பரையும் நிறுத்த வேண்டும். ஒன்று தூக்கி எறிந்ததைப் புதைப்பது. மற்றது கெடா, பேராக் தோட்டங்களில் இன்னும் விடியலில் ரப்பர் மரம் சீவிப் பாலெடுக்கிறவருக்கு நாலு காசு கொடுப்பது. சாலை என்ற அளவில் எது நீடிக்கிறதோ அதைப் போடுவோம். குப்பை என்ற அளவில் பார்த்தால், முன்சொன்ன கணக்குப்படி, சாலையால் ஆகப்போவது சொற்பமே. ஒருவேளை இரண்டும் சேர்ந்து நன்றாக நிற்கலாம். பிளாஸ்டிக் கல்லுக்கு, ரப்பர் தாருக்கு. அதுவும் சோதித்துப் பார்க்க வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று எனக்கு உறுத்துகிறது. 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவை அடைத்ததும், உலகத்துக் குப்பையெல்லாம் மலேசியாவுக்குத் திரும்பியது. சிலாங்கூர் ஜென்ஜாரோமிலும் கெடா சுங்கை பட்டாணியிலும் திருட்டு ஆலைகள் இரவோடு இரவாகப் பிளாஸ்டிக்கை எரித்தன. 2020 ஜனவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ இன், இங்கே பினாங்கில் நின்றுதான், 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்கள், 3,737 டன் குப்பை திருப்பி அனுப்பப்பட்டதாக அறிவித்தார். பிரான்சுக்கு மட்டும் 43, பிரிட்டனுக்கு 42. அப்போதிலிருந்து விதிகள் இறுகிக்கொண்டே வந்திருக்கின்றன. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் விடாமல் கத்தியதும் அதற்கு ஒரு காரணம். "எங்கள் சாலைக்குப் பிளாஸ்டிக் தேவை" என்ற ஒரு வாசகம் நாளை ஏதாவது இறக்குமதி விண்ணப்பத்தில் ஏறினால் என்ன ஆகும்? உள்ளூர்க் குப்பை அழுக்கு, வெளிநாட்டுக் குப்பை கழுவிக் கட்டாக வருகிறது, விலையும் குறைவு என்பார்கள். ஒப்பந்தக்காரருக்கு எது வசதியோ அதுதான் நடக்கும். ஆகவே பினாங்கில் இப்படியொரு சாலை போடுவதென்றால், ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே, போடும் பிளாஸ்டிக் இந்த மாநிலத்துக் குப்பைக் கூடையிலிருந்து வந்தது என்று எழுத வேண்டும்.

போட்டுப் பார்க்க இடமும் ஆளும் இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருப்பது நிபோங் திபாலில். புலாவ் புரோங் குப்பை மேடும் அந்தப் பக்கம்தான். லோரி நிறைய ஓடுகிற ஒரே சாலையில், ஒரே நாளில், அடுத்தடுத்து மூன்று துண்டு போட வேண்டும். முதல் துண்டு வெறும் தார், இரண்டாவது கட்டிப்பால், மூன்றாவது வீட்டுக் குப்பையிலிருந்து கழுவி எடுத்த பிளாஸ்டிக். கூலி, தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்துச் செலவெழுத வேண்டும். பக்கத்து லோங்காங்கில் ஒரு வலை கட்டி, ஓடி வருவதை அள்ளி எண்ண வேண்டும். மூன்று மழைக்காலம் போன பிறகு ஒவ்வொரு துண்டிலிருந்தும் உருளையாகத் துளைத்து எடுத்து, கல்லின் மேல் தார் இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று உடைத்துப் பார்க்க வேண்டும்.

இதைப் பெரியப்பாவிடம் போன மாதம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, அந்தச் சாம்பார் பையை யாரு கழுவுறது?" என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.